கோல் எப்படி விளிம்பானது? 'வெர்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் சாலையோரத்துப் புல்தரைக்கு 'வெர்ஜ்' என்று பெயர். சாய்ந்த ஓட்டுக்கூரையின் பக்க ஓரத்துக்கும் அதே பெயர்தான். ஒருவர் இதோ அழப்போகிறார் என்ற நிலையைச் சொல்லவும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லே வரும். மூன்றிலும் விளிம்பு என்ற கருத்து தெரிகிறது. ஆனால் வேரைத் தேடி அகராதியைத் திறந்தால் லத்தீன் 'விர்கா' என்று இருக்கும். அதன் பொருள் பச்சைக் குச்சி, மிலாறு, கோல். குச்சிக்கும் விளிம்புக்கும் என்ன உறவு?

இணையத்தில் கிடைக்கும் பல பதில்கள் லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும் இரண்டு அம்புக்குறி போட்டு முடிந்துவிடும். அது சொல்லின் ஒலி நடந்து வந்த வழி மட்டுமே. பொருள் நடந்து வந்த வழி வேறு, கடினமானது அதுதான். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வழிக்காக எழுதப்பட்டது. 'வெர்ஜ்' என்ற ஒரே சொல்லை வைத்து ஒவ்வொரு படியும் காட்டப்படும். இதே முறையை வேறு எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் நீங்கள் பயன்படுத்தலாம்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது கணினியில் ஓர் அட்டவணை எடுத்து நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: காலம், பொருள், அந்தப் பொருளைக் காட்டும் வாக்கியம், உங்கள் ஐயம். நான்காவது பத்தியை விட்டுவிடாதீர்கள். வேர் தேடுவதில் நேரும் பிழைகளில் பாதி, ஐயத்தை எழுதி வைக்காததால் வருபவை.

படி 1: இன்றைய பொருள்களைப் பிரித்து எடுங்கள்

வேருக்குப் போகும் முன் இன்றைய புழக்கத்தைச் சேகரியுங்கள். செய்தித்தாள், நாவல், நகராட்சி அறிவிப்பு, கட்டடக் கையேடு என்று வெவ்வேறு இடங்களிலிருந்து இருபது முப்பது வாக்கியங்கள் போதும். 'வெர்ஜ்' என்று தேடினால் இவை கிடைக்கும்: சாலையோரப் புல்தரை, முக்கோணச் சுவரின் மேல் கூரை முடியும் சாய்ந்த ஓரம், ஒன்று நிகழவிருக்கும் தறுவாய், பழைய கடிகாரங்களின் ஓர் உறுப்பு, தேவாலயத்தில் ஆயருக்கு முன்னால் ஏந்திச் செல்லும் கோல். அந்தக் கோலை ஏந்துபவர் 'வெர்ஜர்'. பெயர்ச்சொல்லாக மட்டுமல்லாமல் வினைச்சொல்லாகவும் இது வரும்.

இந்தப் பட்டியலிலேயே ஒரு தடயம் கிடைத்துவிட்டது. கடிகார உறுப்பும் தேவாலயக் கோலும் விளிம்போடு சம்பந்தமில்லாதவை. பெருவழக்கான பொருளுக்குள் அடங்காமல் தனித்து நிற்கும் சிறு பொருள்கள்தாம் பெரும்பாலும் பழையவை. பெருவழக்கு மாறும்போது, ஒரு தொழிலுக்குள்ளோ ஒரு சடங்குக்குள்ளோ ஒதுங்கிய சொல் பழைய பொருளோடு அப்படியே தங்கிவிடும். அட்டவணையில் அவற்றுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள்.

படி 2: இது ஒரே சொல்லா, இரண்டு சொற்களா?

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். ஒரே எழுத்து, ஒரே ஒலி. ஆனால் பிறப்பு வேறாக இருக்கலாம்.

ஆங்கில வினைச்சொல்லான 'வெர்ஜ்' ஒன்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீன் 'வெர்கெரே' என்ற வினையிலிருந்து நேராக எடுக்கப்பட்டது. அதன் பொருள் சாய்தல், ஒரு பக்கமாகத் திரும்புதல். குவிதலுக்கான 'கன்வெர்ஜ்', விரிந்து பிரிதலுக்கான 'டைவெர்ஜ்' இரண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கோலான 'விர்கா'வுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. 'கன்வெர்ஜ்' என்றால் விளிம்புகள் சேர்வது என்று சில பாடக்குறிப்புகள் விளக்குவது இதனால்தான் தவறு.

பிற்காலத்தில் விளிம்பு என்ற பெயர்ச்சொல்லிலிருந்தும் ஒரு வினை பிறந்தது. ஓரத்தில் இருத்தல், ஒட்டியிருத்தல் என்பது அதன் பொருள். ஆக, வினையிலேயே இரண்டு உண்டு. பிரித்தறிய எளிய சோதனை இது: வாக்கியத்தில் திசை இருந்தால் முதல் வினை, இடம் இருந்தால் இரண்டாம் வினை. சூரியன் மேற்கே சாய்கிறது என்பதில் திசை இருக்கிறது. வயல் ஒன்று காட்டை ஒட்டியிருக்கிறது என்பதில் இடம். ஒருவருடைய தன்னம்பிக்கை கிட்டத்தட்ட ஆணவமாகத் தோன்றுகிறது என்று இன்றைய ஆங்கிலத்தில் சொல்லும்போது இரண்டும் கலந்துவிட்டன. அங்கே ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பேசுபவர் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று குறித்துக்கொள்வதே சரி.

இனி நாம் தேடுவது பெயர்ச்சொல்லை மட்டும்.

படி 3: எந்த அகராதியிடம் எதைக் கேட்பது

மாணவர் அகராதிகள் பொருள்களை அதிகம் புழங்கும் வரிசையில் அடுக்கும். அவற்றில் முதலில் இருப்பதே மூத்த பொருள் என்று எண்ணினால் தொடக்கமே கோணலாகிவிடும். நமக்கு வேண்டியது வரலாற்று அகராதி. ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி பொருள்கள் தோன்றிய முறையைப் பின்பற்றி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டோடு மேற்கோள் வாக்கியம் தருகிறது. இதற்குக் கட்டணம் உண்டு. பல பல்கலைக்கழக நூலகங்கள் வழியாகப் பார்க்கலாம். 1500க்கு முந்தைய ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இணையத்தில் இலவசம். இங்கிலாந்தில் வழங்கிய பிரெஞ்சுக்கு ஆங்கிலோ-நார்மன் அகராதி, அதுவும் இலவசம். லத்தீனுக்கு 1879இல் வெளிவந்த லூயிஸ்–ஷார்ட் அகராதி. விரைவாக ஒரு வரைபடம் வேண்டுமானால் சொற்களின் வேரைச் சுருக்கமாகத் தரும் எட்டிமான்லைன் தளம் நல்லது. ஆனால் அதைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வையுங்கள்.

ஆங்கிலோ-நார்மன் அகராதியைப் பலர் தொடுவதே இல்லை. நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066க்குப் பிறகு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின, லத்தீனில் எழுதின. ஆங்கிலத்துக்கு வந்த சட்டச் சொற்கள் பாரிஸிலிருந்து வந்தவை அல்ல. லண்டனிலேயே வழங்கிய பிரெஞ்சிலிருந்து வந்தவை. 'வெர்ஜ்' அப்படிப்பட்ட சொல்.

ஒரு சொல்லுக்கு அகராதி தரும் ஆண்டு அது பிறந்த ஆண்டு அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். எழுத்தில் இதுவரை கண்டெடுக்கப்பட்ட முதல் பதிவு, அவ்வளவே. எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்காது. பழைய நூல்களில் 'இ' ஒலியோடு 'விர்ஜ்' என்றும் எழுதியிருப்பார்கள். தேடும்போது இரண்டையும் தேடுங்கள்.

இப்படித் தேடினால் ஆங்கிலத்தில் முதலில் கிடைக்கும் பொருள் வியப்பூட்டும். சுமார் 1400இல் மருத்துவ எழுத்தில் ஆண்குறிக்கு இந்தச் சொல் வழங்கியது. கோல் என்பதன் நேரான உருவகம் இது. இன்று வழக்கில் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் விளிம்பு, சுற்றுவரை என்ற பொருள் எழுத்தில் தலைகாட்டுகிறது. ஏந்தும் கோல் என்ற பொருளும் அந்த நூற்றாண்டைச் சேர்ந்ததே. சுமார் 1600இல் 'ஒன்று நிகழும் தறுவாய்' வருகிறது. அட்டவணையில் இவற்றை எழுதி, இடையே வெற்று வரிகள் விட்டு வையுங்கள். அவற்றை நிரப்புவதுதான் மீதி வேலை.

படி 4: ஒலியைச் சோதியுங்கள்

'விர்கா' எப்படி 'வெர்ஜ்' ஆகும்? ஒலி மாற்றம் விதிப்படி நடந்ததா என்று பார்க்க வேண்டும். லத்தீனின் குற்றெழுத்து 'இ' பிற்காலப் பேச்சு லத்தீனில் 'எ' ஆனது. மெய்யெழுத்துக்குப் பின் வரும் 'கா' பழைய பிரெஞ்சில் 'ஜ்' ஆனது. லத்தீன் 'லார்கா' பிரெஞ்சில் 'லார்ஜ்' ஆனதும் இதே விதியால்தான். ஒரே விதி இரண்டு சொற்களிலும் வேலை செய்தால் நம்பலாம்.

இன்னொரு சான்றும் இதற்குள் இருக்கிறது. இன்றைய பிரெஞ்சில் இந்தச் சொல்லின் கடைசி ஒலி மென்மையாகத் தேய்ந்துவிட்டது. ஆங்கிலத்திலோ அழுத்தமான 'ஜ்' அப்படியே நிற்கிறது. பிரெஞ்சில் அந்தத் தேய்வு ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டில் நடந்தது. ஆகவே அதற்கு முந்தைய உச்சரிப்பையே ஆங்கிலம் காத்து வைத்திருக்கிறது.

ஒலிச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. பிரெஞ்சில் பழத்தோட்டத்துக்கு 'வெர்ஜே' என்று பெயர். எழுதினால் தேவாலய 'வெர்ஜர்' போலவே இருக்கும். ஆனால் அது பசுமையைக் குறிக்கும் 'விரிதியாரியும்' என்ற லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. கன்னியைக் குறிக்கும் 'விர்ஜின்' என்ற சொல்லையும் இளந்தளிரோடு இணைத்துச் சொல்வார்கள். அழகான யோசனை, ஆனால் நிறுவப்படவில்லை. 'விர்கா'வுக்கு அப்பால் இன்னும் தொன்மையான வேர் எது என்பதிலும் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: விட்டுப்போன கண்ணியைக் கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியின் நடுமையம் இது. கோல் ஒரு பக்கம், விளிம்பு மறுபக்கம். நடுவில் என்ன?

கற்பனையை ஓடவிட்டால் எளிய விடைகள் வரும். லத்தீன் அகராதியில் 'விர்கா'வுக்குத் துணியில் ஓடும் வண்ணக் கோடு என்றும் ஒரு பொருள் உண்டு. உடனே 'சேலைக்கரை போல. கோடு கரையானது, கரை விளிம்பானது' என்று சொல்லத் தோன்றும். பொருத்தமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல் எந்தச் சூழலில் எல்லையைக் குறித்தது என்று பார்த்தால், துணிக்கடைக்கு அல்ல, அரசனுடைய நீதிமன்றத்துக்குப் போய்ச் சேருவோம்.

பழைய பிரெஞ்சில் ஒருவருடைய 'வெர்ஜின் கீழ்' இருப்பது என்றால் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டிருப்பது. கோல் ஏந்தியவன் ஆள்பவன். இங்கிலாந்து அரண்மனையில் 'லார்ட் ஸ்டூவர்ட்' என்ற தலைமை அதிகாரியின் பதவிச் சின்னம் ஒரு வெள்ளைக் கோல். அரண்மனையின் இன்னொரு உயர் அதிகாரியான லார்ட் சேம்பர்லினுக்கும் கோல் உண்டு. 2022 செப்டம்பர் 19 அன்று விண்ட்சரில் இரண்டாம் எலிசபெத் அரசியின் நல்லடக்கத்தின்போது லார்ட் சேம்பர்லின் தம் கோலை இரண்டாக ஒடித்துப் பெட்டியின் மேல் வைத்தார். கோல் ஒடிந்தால் பணி முடிந்தது என்று பொருள். கோலே பதவி என்ற எண்ணம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இடைக்கால அரசர்கள் ஓரிடத்தில் தங்கவில்லை. பரிவாரத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். அரசன் எங்கே தங்கினாலும் அவனைச் சுற்றியுள்ள நிலப்பரப்பில் நடக்கும் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் ஸ்டூவர்டுக்கும் மார்ஷல் என்ற இன்னொரு அரண்மனை அதிகாரிக்கும் இருந்தது. அந்தப் பரப்புக்கே 'வெர்ஜ்' என்று பெயர். லார்ட் ஸ்டூவர்டின் கோல் செல்லுபடியாகும் வட்டம் அது. அரசன் நகர்ந்தால் வட்டமும் நகரும்.

இதற்கு அளவும் உண்டு. 1300இல் வெளியான சட்டம் ஒன்று ஸ்டூவர்ட், மார்ஷல் ஆகியோரின் அதிகாரத்தை வரையறுத்தது. அந்த வட்டத்துக்குள் கொலை நடந்தால் மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரியும் அரண்மனையின் மரண விசாரணை அதிகாரியும் சேர்ந்து விசாரிக்க வேண்டும் என்றது. இரண்டாம் ரிச்சர்டின் 13ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1389–90இல், அரசன் தங்கும் இடத்திலிருந்து 12 மைலுக்கு மேல் அந்த அதிகாரம் செல்லாது என்று இன்னொரு சட்டம் வரம்பிட்டது. 1607இல் வெளியான ஜான் கோவெலின் சட்ட அகராதியும் 'வெர்ஜ்' என்பதற்கு அரண்மனையைச் சுற்றிய இந்தப் பரப்பையே பொருளாகத் தருகிறது.

கோல், கோலேந்தியின் அதிகாரம், அதிகாரம் செல்லும் பரப்பு, அந்தப் பரப்பின் எல்லை, எந்த ஒன்றின் எல்லையும். கண்ணிகள் கோத்துக்கொண்டன. இங்கே விளிம்பு என்பது ஒரு பொருளின் உருவத்திலிருந்து வரவில்லை. 'இதற்கு மேல் இவருக்கு அதிகாரமில்லை' என்ற இடத்திலிருந்து வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் விளிம்பைக் குறிக்கும் மற்ற சொற்களை எடுத்துப் பாருங்கள்: 'எட்ஜ்' கத்தியின் கூர்மையிலிருந்து வந்தது; 'பார்டர்' பலகை, பக்கம் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. 'வெர்ஜ்' ஒன்றுதான் ஆட்சியிலிருந்து வந்தது.

இந்த வட்டம் ஏட்டில் மட்டும் இருந்ததல்ல. நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ 1593 மே 30 அன்று லண்டனை அடுத்த டெட்ஃபர்டில் கத்திக்குத்தில் இறந்தார். ஜூன் 1 அன்று விசாரணை நடத்தியவர் முதலாம் எலிசபெத் அரசியின் அரண்மனை மரண விசாரணை அதிகாரி வில்லியம் டான்பி. காரணம், அந்த இடம் 'வெர்ஜு'க்குள் இருந்தது. லெஸ்லி ஹாட்சன் என்ற ஆய்வாளர் கண்டெடுத்து 1925இல் வெளியிட்ட விசாரணை ஆவணத்தில் லத்தீனில் 'இன்ஃப்ரா விர்கம்' என்றே இருக்கிறது. மாவட்ட அதிகாரி உடன் இல்லாமல் டான்பி தனியாக விசாரித்தது சட்டப்படி சரியா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதமே 1300ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துத்தான்.

அந்த ஆவணத்தைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செவ்வியல் லத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் கீழே. அப்படிப் பொருள் கொண்டால் 'கோலுக்குக் கீழே' என்று வரும், தவறாகிவிடும். இங்கிலாந்தின் இடைக்காலச் சட்ட லத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் உள்ளே. 'வெர்ஜுக்குள்' என்பதே சரி. பழைய ஆவணத்தை எடுத்தால் அந்தக் காலத்து, அந்தத் துறையின் அகராதியையே திறக்க வேண்டும் என்பது இதனால்தான்.

1630இல் முதலாம் சார்லஸ் ஏற்படுத்திய 'பேலஸ் கோர்ட்' என்ற நீதிமன்றமும் அரண்மனையைச் சுற்றிய 12 மைலுக்குள் நடக்கும் கடன் வழக்குகளை விசாரித்தது. 1849இல் அது ஒழிக்கப்பட்டது. ஆக, பழைய பொருள் 19ஆம் நூற்றாண்டு வரை உயிரோடிருந்த ஒன்று.

படி 6: பாலம் போடும் வாக்கியங்களைத் தேடுங்கள்

கண்ணிகளைக் கோத்த பிறகும் ஒன்று பாக்கி. ஒரு பொருளிலிருந்து மறுபொருளுக்குச் சொல் தாவும் கணம் எழுத்தில் எங்காவது பிடிபடுகிறதா? இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்தும் வாக்கியம் கிடைத்தால் அதுவே பாலம். நம் சொல்லுக்கு அத்தகைய வாக்கியங்கள் ஷேக்ஸ்பியரிடம் கிடைக்கின்றன.

1597இல் முதலில் அச்சான 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில், இரண்டாம் அங்கம் முதல் காட்சியில், சாகக் கிடக்கும் ஜான் ஆஃப் கான்ட், அரசனின் சிற்றப்பன், அவனைக் கடிந்துகொள்கிறார். ஆயிரம் முகத்துதிக்காரர்கள் உன் மகுடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் சுற்றளவு உன் தலையளவுதான். இத்தனை சிறிய 'வெர்ஜு'க்குள் அடைபட்டிருந்தும் அவர்கள் செய்யும் பாழ் உன் நாட்டளவுக்கு இருக்கிறது என்கிறார். மகுடத்தின் வட்ட விளிம்பு என்றும் படிக்கலாம், அரசனைச் சுற்றிய 12 மைல் வட்டம் என்றும் படிக்கலாம். அடுத்து வரும் 'பாழ்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் சட்டச் சொல்லே. குடியிருப்பவன் நிலத்துக்கு விளைக்கும் சேதம் என்று அதற்குப் பொருள். சற்று நேரத்தில் கான்ட், நீ இங்கிலாந்தின் அரசனில்லை, நிலத்தை வாடகைக்கு விடும் உடைமைக்காரன் என்றே சொல்லிவிடுகிறார். சட்ட மொழி சுற்றிலும் இருப்பதால் இரட்டைப் பொருளைச் சிலேடையாகவே கொள்ளலாம். அவர் கடிந்துகொள்ளும் அரசன், 12 மைல் வரம்பைச் சட்டமாக்கிய அதே இரண்டாம் ரிச்சர்ட்.

அதே ஆண்டு அச்சான 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் ஆன் சீமாட்டி, தன் நெற்றியைச் சுற்றப்போகும் பொன் 'வெர்ஜ்' பழுக்கக் காய்ந்த எஃகாக இருக்கக் கூடாதா என்று புலம்புகிறாள். இங்கே நீதிமன்ற வாடை இல்லை. வெறும் உலோக வளையம். இந்த வாக்கியத்தைத் தனியே குறித்து வையுங்கள், ஏனென்றால் இது இன்னொரு கிளையைக் காட்டுகிறது. பழைய பிரெஞ்சில் கல் பதிக்காத வளைய மோதிரத்துக்கும் 'வெர்ஜ்' என்று பெயர் இருந்தது. மெல்லிய கம்பியை வளைத்தால் மோதிரம். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கிடைக்கும் 'சுற்றுவரை' என்ற பொருளுக்கு இந்தப் பக்கமிருந்தும் ஊட்டம் வந்திருக்கலாம். இந்த 'இருக்கலாம்' நான்காவது பத்திக்கு, ஐயப் பத்திக்கு. ஒரே பொருளுக்கு இரண்டு ஓடைகள் வந்து சேர்வது சொல் வரலாற்றில் அரிதல்ல. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொல்வதுதான் பிழை. எல்லை, தறுவாய் என்ற பொருள்களுக்கு ஆட்சிக்கோலின் தடமே வலுவானது என்பது அகராதிகளின் கருத்து. சான்றுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

மூன்றாவது வாக்கியம் 1608இல் அச்சான 'லியர் மன்னன்' நாடகத்தில் வருகிறது. மகள் ரீகன் தந்தையிடம், உங்களுக்கு வயதாகிவிட்டது, உங்களுக்குள் இருக்கும் இயற்கை தன் எல்லையின் கடைசி 'வெர்ஜில்' நிற்கிறது என்கிறாள். இப்போது அரசனின் வட்டமும் இல்லை, மகுடமும் இல்லை. முதியவரின் வாழ்நாள் ஒரு நிலப்பரப்பாகவும் அதன் ஓரம் சாவாகவும் நிற்கின்றன. இன்றைய 'தறுவாய்' என்ற பொருளுக்கு இது ஓரடி தூரம்.

பாலம் தேடும்போது அடிக்கடி நேரும் பிழை, இன்றைய பொருளைப் பழைய வாக்கியத்துக்குள் திணிப்பது. தடுக்க வழி: வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் பத்து வரி படியுங்கள். அருகில் நிற்கும் சொற்கள் எந்தத் துறையைச் சேர்ந்தவை என்று பாருங்கள். கான்ட் பேச்சில் அவை சட்டம், ரீகன் பேச்சில் முதுமை.

படி 7: வேறு சொற்களோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்

குச்சி அதிகாரமாகவும் அளவாகவும் மாறுவது இயல்பான நடையா, இந்த ஒரு சொல்லின் விபத்தா? இதை அறியப் பிற சொற்களைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான 'யார்ட்' பழைய ஆங்கிலத்தில் குச்சி, கோல். பிறகு அளவுகோல் ஆனது, 3 அடி அளவானது, ஆண்குறிக்கும் வழங்கியது. லத்தீன் 'விர்கா' நடந்த பாதையில் இதுவும் நடந்திருக்கிறது. முற்றத்தைக் குறிக்கும் 'யார்ட்' மட்டும் வேறு சொல், குழப்பிக்கொள்ளாதீர்கள். 'விர்கா'விலிருந்தே 'விர்கேட்' என்ற பழைய நில அளவு வந்தது; இடத்துக்கு இடம் மாறினாலும் சுமார் 30 ஏக்கர். ஜெர்சி தீவில் 'வெர்ஜே' என்ற நில அளவு இன்றும் உண்டு. இரண்டேகால் வெர்ஜே ஓர் ஏக்கர்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. நம் 'கோல்' செய்திருப்பதும் இதுதான். ஊன்றும் கோல், எழுதுகோல், நிலம் அளக்கும் கோல்; சோழர் கல்வெட்டுகளில் பன்னிரண்டு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் வருகின்றன. பிறகு செங்கோல், கொடுங்கோல், கோலோச்சுதல். 'மன்னவன் கோல்நோக்கி வாழும் குடி' என்று திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் சொல்லும்போது கோல் மரத்துண்டு அல்ல, ஆட்சி. பழைய பிரெஞ்சின் 'வெர்ஜின் கீழ்' இருப்பவர்கள் நம் 'கோல்நோக்கி வாழும்' குடிகளுக்கு எவ்வளவு நெருக்கம்! ஆயினும் தமிழில் கோல் அங்கேயே நின்றுவிட்டது. எல்லை என்ற பொருளுக்குத் தாண்டவில்லை. நமக்கு எல்லைக்கு வயல் இருந்தது: வரப்பும் வரம்பும் ஒரே சொல்லின் இரு முகங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீடு பொருள் நடந்த விதத்துக்கு மட்டும். 'கோல்' என்பதிலிருந்து 'வெர்ஜ்' வந்தது என்றோ இரண்டுக்கும் ஒரே வேர் என்றோ இது நிறுவாது. இரு மொழியிலும் ஆள்பவர்கள் கையில் கோல் இருந்தது, அதனால் இரு மொழியும் தனித்தனியே அந்த வழியில் போயின.

படி 8: நட்சத்திரக் குறியிட்டவற்றைத் தீருங்கள்

முதல் படியில் ஒதுக்கியவை இப்போது தாமே விளங்கும். தேவாலய வெர்ஜர் கோலேந்தி. பழைய இயந்திரக் கடிகாரத்தின் வெர்ஜ் செங்குத்தாக நிற்கும் ஒரு தண்டு. அதிலுள்ள இரண்டு தகடுகள் மாறி மாறிப் பற்சக்கரத்தைத் தடுத்து விடும். சுமார் 1386ஐச் சேர்ந்த சால்ஸ்பரி பேராலயக் கடிகாரத்தில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். இடையில் ஊசல் பொருத்தி மாற்றியிருந்ததை 1956இல் மீண்டும் பழையபடி அமைத்தார்கள். இரண்டிலும் விளிம்பு இல்லை, கோல் மட்டுமே. சாலையோரமும் கூரையோரமும் விளிம்புப் பொருள் நிலைபெற்ற பிறகு வந்தவை. பிரெஞ்சில் காற்புள்ளிக்கு 'விர்கூல்', அதாவது சிறு குச்சி. நிலத்தைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும் மழைத் தாரைக்கு வானிலையாளர்கள் வைத்த பெயர் 'விர்கா'; மேகத்தின் அடியில் குச்சி குச்சியாகத் தொங்குவதால்.

படி 9: தமிழில் எழுதும்போது

மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்த வரலாறு உடனே பயன்படும். எல்லாப் பொருளுக்கும் 'விளிம்பு' என்று போடுவது இன்றைய வழக்கமாகிவிட்டது. அது பல இடங்களில் பொருந்தாது. சாலைக்கு 'சாலையோரப் புல்தரை'. கூரைக்கு 'கூரையின் பக்க ஓரம்'. 'இறவாணம்' என்று எழுதிவிடாதீர்கள், அது தண்ணீர் வடியும் கீழ் ஓரம், ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர். ஒன்று நிகழவிருக்கும் நிலைக்குத் தமிழில் 'தறுவாய்' என்ற நல்ல சொல் இருக்கிறது: 'அழியும் தறுவாயில்', 'முடியும் தறுவாயில்'. அழுகைக்கு அதுவும் வேண்டாம். 'அழுதுவிடுவாள் போலிருந்தாள்' என்பதே போதும். 'அழுகையின் விளிம்பில் நின்றாள்' என்று எழுதினால் ஆங்கில வாக்கியம் கீழே தெரியும்.

இதே இடத்தில் ஆங்கிலம் 'பிரிங்க்' என்றும் சொல்லும். அது செங்குத்தான சரிவின் ஓரம், விழுந்தால் பாதாளம். அதனால் போர், திவால், பேரழிவு என்று கேட்டையே பெரும்பாலும் அதனோடு சேர்ப்பார்கள். 'வெர்ஜ்' அப்படியல்ல, வெற்றிக்கும் அழுகைக்கும் கண்டுபிடிப்புக்கும் பொருந்தும். தமிழில் முதலாவதுக்குப் 'படுகுழியின் ஓரத்தில்' என்றும் இரண்டாவதுக்கு 'தறுவாயில்' என்றும் வேறுபடுத்தினால் மூலத்தின் தொனி காப்பாற்றப்படும்.

வரலாற்று நூலிலோ பழைய வழக்கு ஆவணத்திலோ இந்தச் சொல் வந்தால் மட்டும் மேற்சொன்ன எதுவும் உதவாது. மார்லோ விசாரணையின் 'வெர்ஜுக்குள்' என்பதை 'விளிம்புக்குள்' என்று பெயர்த்தால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. 'அரண்மனையின் 12 மைல் அதிகார வட்டத்துக்குள்' என்று முதல்முறை விரித்து எழுதிவிட்டு, அடுத்த முறையிலிருந்து 'அரண்மனை வட்டம்' என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.